கடைசி அரை மணித்தியாலம்

ராஜினி ஒட்டுசுட்டானில் பாலர் பாடசாலை ரீச்சர். டிப்ளோமா முடித்தால்தான் வேலை நிரந்தரம். தொலைக்கல்வியில் மற்றப் பாடமெல்லாம் சித்தி. ஒன்றில் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டாள். இந்த முறையும் விழுந்தால் பதிவு ரத்து.

பாடநூல் ஒழுங்கானது. அலகு, நோக்கம், பெட்டிக்குள் பயிற்சி. சின்னக் கேள்விகளுக்குக் கடைசியில் விடை உண்டு. பெரிய கேள்விகளின் கீழே ‘சக மாணவருடன் கலந்துரையாடுக’ என்று மட்டும் போட்டிருக்கும். அவளுடைய சக மாணவி பூநகரி யதுர்ஷிகா. இருவரும் போனில் கலந்துரையாடினார்கள். வகுப்பில் மற்றவர்களைக் கடிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் கடி நிற்கும் என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் மெச்சினாள். அதையே இருவரும் பரீட்சையில் எழுதினார்கள். இருவருக்கும் சித்தியில்லை. எங்கே பிழை என்று பெறுபேற்றில் ஒரு சொல் இல்லை.

“சேந்து படிச்சம், சேந்தே விழுந்தம். ஒற்றுமையெண்டா இதுதானடி,” என்றாள் யதுர்ஷிகா.

கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. வவுனியா நேர்முக வகுப்பின் கடைசி அரை மணித்தியாலம். ஆனால் இருவருடைய ஊருக்கும் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். இருட்டினால் றோட்டில் யானை நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் இருவரும் பாதியில் எழும்பிப் போனவர்கள்.

இந்த முறை யதுர்ஷிகா மட்டும் பஸ்ஸுக்கு எழும்பிப் போனாள். ராஜினி நெளுக்குளத்தில் பெரியம்மா வீட்டில் தங்குவதாகச் சொல்லிவைத்துவிட்டு, தன் விடையைத் திரும்ப ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

வகுப்பெடுத்த சேர் நல்ல மனுசன். திரையில் பாடத்தை ஓட்டி முடிப்பதற்குள் நேரம் கரைந்துபோயிற்று. ஆட்கள் பையைத் தோளில் போட்டுவிட்டார்கள். ராஜினி நீட்டிய தாளை அவர் மேலோட்டமாகப் பார்த்தார்.

“பிள்ளை, இது உம்மட அனுபவம். நல்லாத்தான் கிடக்கு. ஆனா ஏழாம் அலகில படிமுறை குடுத்திருக்கெல்லோ, அதைப் பாரும்.”

ஏழாம் அலகு அவளுக்கும் யதுர்ஷிகாவுக்கும் மனப்பாடம். அதைப் பார்த்துத்தான் ராஜினி இதை எழுதினாள். எந்த இடத்தில் பிசகியது என்பதுதான் கேள்வி. வாயைத் திறந்தாள். எங்களுக்கும் பஸ் இருக்கு ரீச்சர் என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

“விளங்கினதா?” என்றார் சேர்.

“ஓம் சேர்.”

பாலர் வகுப்பில் பிள்ளைகள் ‘ஓம் ரீச்சர்’ என்று சேர்ந்து இழுக்கும் அதே இழுவை. அவள் பழக்கியதுதான்.

படி இறங்கமுன் போன் அடித்தது. சேர் என்ன சொன்னவர் என்று பஸ் இரைச்சலுக்குள்ளிருந்து யதுர்ஷிகா கேட்டாள்.

“விளங்கப்படுத்தினவர்.”

“அப்ப பொறு, பேனை எடுக்கிறன். சொல்லு.”

ராஜினி ஏழாம் அலகை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் ‘ம்’ கொட்டுவது நின்றது. அவள் வாசித்துக்கொண்டே போனாள்.