பதினாறாவது குழி

கதிர்வேல் உருவாக்கிய பன்னிரண்டு கோல்ஃப் மைதானங்களில் உலகம் முழுக்க நாற்பத்தோராயிரம் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. பதின்மூன்றாவது மைதானத்தின் கணக்கு பூஜ்யம். நான்கு வருடங்களாக அந்த எண் நகரவில்லை.

இந்த மைதானங்கள் ஒரு கணினி விளையாட்டுக்குள் இருக்கின்றன. அந்த விளையாட்டை வாங்கினால் கூடவே ஒரு கருவியும் வருகிறது. வெறும் நிலத்தை எடுத்து மேடு பள்ளமாக்கலாம், மரம் நடலாம், குளம் வெட்டலாம், பதினெட்டுக் குழிகள் வைத்துக் கொடி ஊன்றி இணையத்தில் ஏற்றலாம். எந்த நாட்டுக்காரரும் அதை எடுத்து ஆடலாம். இப்படி மைதானம் செய்து தருகிற ரசிகர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், நாள் முழுக்க கோல்ஃப் ஆடிப் பழகியவர்கள் என்று பெரும்பாலும் வசதியானவர்கள் அவர்கள். கதிர்வேல் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை.

முப்பத்தெட்டு வயது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே தோட்டத்து வீடு, மரவள்ளிக் காடு, இரண்டு எருமைகள், அம்மா பாப்பாயி. ஆயுதபூஜை முடிந்ததும் ரிக் வண்டி வடக்கே கிளம்பும். சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றிவிட்டு மழைக்குத்தான் ஊர் திரும்பும். அந்தப் பக்கத்து ஆண்கள் பலருக்கும் இதுதான் வருடம்.

கோல்ஃப் மைதானத்தை அவர் முதலில் பார்த்தது ஓசூரைத் தாண்டி ஓரிடத்தில். புல்லுக்குத் தண்ணீர் போதவில்லை என்று போர் போடக் கூப்பிட்டிருந்தார்கள். ஆயிரம் அடி தோண்டுகிறவருக்கு, ஒரு சாண் குழிக்காக இத்தனை ஏக்கரைச் சீவி வைத்திருப்பது சிரிப்பாக இருந்தது. ஆனால் அந்த நிலம் ஏறி இறங்கிய விதம் கண்ணை விட்டுப் போகவில்லை.

2018-இல் தமிழினியைக் கல்யாணம் செய்துகொண்டார். மோகனூர்க்காரர், பி.காம். படித்தவர். அப்பா செங்கோட்டையன் காவிரிக்கரையில் கரும்பு வைத்திருந்தார். தமிழினி வங்கித் தேர்வுக்குப் படிப்பதற்காகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பழைய கணினி வாங்கி வந்தார்கள். முன்பு வைத்திருந்தவர் அதில் அந்த விளையாட்டை அழிக்காமல் விட்டிருந்தார். அதைத் திறந்து பார்த்தது தமிழினிதான்.

"ஏனுங்க, நீங்க ஓசூருல பாத்தேன்னீங்களே, அது இதுதானுங்களா?"

அது இதுதான். அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் மாறி மாறி ஆடினார்கள். கருவியைக் கண்டுபிடித்ததும் கதிர்வேல் ஆடுவதை விட்டுவிட்டு நிலத்தைப் பிசைய ஆரம்பித்தார். வண்டி கிளம்பும்போது கையில் ஒரு மடிக்கணினி இருந்தது. விளையாட்டின் புதிய பதிப்பையும் முறையாக வாங்கி இரண்டு கணினிகளிலும் போட்டார்.

பிறகு அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. டீசல் லாரிக்காகவும், அடுத்த போர் போடும் இடத்துக்காகவும் காத்திருக்கும் பகல்களில், ரிக்கோடு கூட வரும் கம்ப்ரசர் வண்டியின் நிழலில் உட்கார்ந்து கதிர்வேல் மைதானம் போடுவார். முடிந்ததும் ஏற்றுவார். தோட்டத்து வீட்டில் தமிழினி அதை முதலில் ஆடிப் பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகே வெளியாருக்குத் திறந்துவிடுவார். குறை இருந்தால் போன் வரும்.

"ஏழாவது குழிக்கு மிந்தி யாருங்க பனமரத்த நட்டது? எந்தப் பக்கம் அடிச்சாலும் பந்து போய் அதுலயே முட்டுது."

"நான்தான் அம்மிணி. புடுங்கீறட்டா?"

"ஐயோ, மரத்த வெட்டாதீங்க. நான் சுத்திப் போய்க்கறேன்."

பாப்பாயிக்கு இது பிடிபடவில்லை. "காட்டுல மரவள்ளி தண்ணியில்லாம காயுது. இவ பொட்டிக்குள்ள புல்லு வளத்தீட்டு கெடக்கறா" என்று பால் வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு, "இன்னைக்கி பந்து குழியில உளுந்துச்சா சாமி?" என்று மருமகளிடம் கேட்பதும் உண்டு.

விளையாட்டில் ஒரு விதி தமிழினிக்கு ஆத்திரமூட்டியது. பதினெட்டுக் குழியையும் முடித்தால்தான் ஓர் ஆட்டம் என்று கணக்கில் ஏறும். நடுவில் எழுந்துவிட்டால் ஆடியதற்குச் சுவடே இருக்காது.

"பதினேழு குழி போட்டுட்டு எருமைக்குத் தண்ணி காட்டப் போனனுங்க. வந்து பாத்தா ஒண்ணுமே ஆடாதவளாட்ட காட்டுது. என்னுங்க நாயம் இது?"

"எருமைகிட்ட கேளு" என்பார் கதிர்வேல்.

மைதானங்கள் வெளியே பரவின. அவருடைய நிலம் நம்பும்படி இருக்கிறது என்று எங்கிருந்தோ எழுதினார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று யோசித்து அவர் பள்ளம் வெட்டுவதால் அப்படி இருந்திருக்கலாம். பாராட்டுகளை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டுவதும் தமிழினியின் வேலை. சில சமயம் இல்லாததையும் சேர்த்துச் சொல்வார். "இந்த மைதானம் போட்டவரு ஊட்டுக்காரிக்கு ஒரு சீலை வாங்கித் தரோணும்னு ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் எழுதியிருக்காருங்க."

2020 நவம்பரில் தமிழினி கருவுற்றிருப்பது தெரிந்தது. சத்தீஸ்கரில் இருந்த கதிர்வேல் அன்றே பதின்மூன்றாவது மைதானத்தைத் தொடங்கினார். பெயர் மோகனூர். மணல் பள்ளங்கள் காவிரிக்கரை மாதிரி, ஓரங்களில் கரும்பு. இதை யாருக்கும் திறக்கப் போவதில்லை என்று முடிவு செய்தார். அதைத் திறக்கும் அனுமதியில் ஒரே ஒரு பெயரைச் சேர்த்தார்.

"பதினாறாவது குழிகிட்ட ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றார் போனில்.

"என்னுங்க?"

"சொன்னா என்ன இருக்குது? வந்து பாரு."

ஐந்தாம் மாதம், பிப்ரவரியில், ஒரு காலை தமிழினிக்கு வலி வந்தது. பாப்பாயி பக்கத்துத் தோட்டத்துக் காரில் அவரை நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார். குழந்தை தங்கவில்லை.

அன்று கதிர்வேலின் வண்டி ஹேமர் குழிக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. குழியின் அடியில் பாறையை உடைக்கும் இரும்பு அது. மண் சரிந்து அதைக் கவ்விக்கொண்டால், அது மாட்டியிருக்கும் ராடுகளை மெல்ல மெல்ல அசைத்துத்தான் வெளியே எடுக்க முடியும். அவசரப்பட்டால் எல்லாம் உள்ளேயே போய்விடும். வண்டி முதலாளி காளியப்பன் போனில், "நீ கெளம்பு கதிரு. ஹேமர் போனா போவுது. நான் வேற ஆள அனுப்பறேன்" என்றார்.

கதிர்வேல் கிளம்பவில்லை. "இன்னைக்கி எடுத்துருவனுங்க. எடுத்துட்டு நாளைக்கி வண்டி ஏறீர்றேன்" என்று காளியப்பனிடம் சொன்னார். அதையே தமிழினியிடமும் சொன்னார். மறுநாளும் சொன்னார். ஹேமர் வரவில்லை.

போனில் என்ன பேசுவதென்றும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். கையில் தருவதற்கு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாக்கியிருந்த இரண்டு குழிகளை அவசரமாக முடித்து மைதானத்தை ஏற்றினார். "மோகனூர் போட்டாச்சு. மனசு ஆறினா ஆடு" என்று செய்தி அனுப்பினார்.

இரவு கணக்கைப் பார்த்தார், பூஜ்யம்.

அந்த வாரக் கடைசியில் ஹேமர் மேலே வந்தது. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது தமிழினி வீட்டில் இல்லை. செங்கோட்டையன் முந்தின நாளே வந்து அழைத்துப் போயிருந்தார். "ஏன்டா, இவ்வளவு தூரம் வாரதுக்கு உனக்கு இத்தன நாளா?" என்றார் பாப்பாயி.

மோகனூருக்குப் போனார். தமிழினி வெளியே வரவில்லை. "பொறவு பாக்கலாம் மாப்ள. புள்ள இப்பப் பேசற நெலமையில இல்ல" என்று செங்கோட்டையன் மோர் கொடுத்து அனுப்பினார். அடுத்தடுத்துப் போனபோதும் அதுவே நடந்தது. பிறகு வடக்கே நின்ற வண்டிக்கே திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் கதிர்வேல் புதிதாக மைதானம் எதுவும் போடவில்லை. மடிக்கணினியைத் திறப்பது பதின்மூன்றாவதன் கணக்கைப் பார்க்க மட்டும்தான். பட்டியலில் பூட்டோடு தெரியும் பெயரைப் பார்த்துவிட்டு, எப்போது திறப்பீர்கள் என்று வெளிநாட்டு ரசிகர்கள் கேட்டார்கள். அவர் பதில் எழுதியதில்லை. அவள் ஆடினால் அந்தப் பூஜ்யம் ஒன்றாகும். ஒன்றாகிவிட்டால் போய்க் கூப்பிடலாம், வருவாள். இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஆகாதவரை அவளுக்குக் கோபம் தீரவில்லை என்று அர்த்தம். வராத ஒருவனின் பரிசை அவள் தொட விரும்பவில்லை. நியாயம்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

தமிழினி இப்போது நாமக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறார். பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னது இரண்டு வீட்டுப் பெரியவர்கள். இருவரும் மறுக்கவில்லை. கடந்த ஏப்ரலில், கம்ப்ரசர் வேலைக்காக வண்டி ஊருக்கு வந்திருந்த சமயம், நாமக்கல் நீதிமன்றத்தில் சேர்ந்து விவாகரத்து மனுப் போட்டார்கள். பெயர் கூப்பிடக் காத்திருந்த வராந்தாவில், செங்கோட்டையன் டீ வாங்கப் போன இடைவெளியில், நான்கு வருடம் கழித்துப் பேசினார்கள்.

"எளைச்சுட்டீங்க" என்றார் தமிழினி.

"ரொட்டிதானே அங்க."

"இன்னும் மைதானம் போடறீங்களா?"

"இல்ல."

"ஏழாவது குழிப் பனமரம் இருக்குதுங்களா?"

"இருக்குது. எவனெவனோ வந்து திட்டறான். நான் வெட்டல."

தமிழினி சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் கதிர்வேல் கேட்டார்.

"எல்லாத்தையும் ஆடுன. மோகனூர மட்டும் தொறக்கவே இல்லையே அம்மிணி."

"யாருங்க சொன்னது?"

"கணக்குல இல்லையே."

"பாதியில எந்திரிச்சா கணக்குல எப்படிங்க வரும்? அன்னைக்கி எருமைகிட்ட கேக்கச் சொன்னீங்களே." தமிழினி கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரெண்டு நாள்லயே தொறந்தனுங்க. நீங்க வரல, இதாவது வந்துச்சேன்னுதான் தொறந்தேன். அப்பன் காட்டுக் கரும்பு அப்படியே இருந்துச்சு. அழுதுட்டே ஆடினேன். பதினாறு வரைக்கும் போனேன்."

கதிர்வேல் புரியாமல் பார்த்தார்.

"அந்தத் தூளிய ஏனுங்க எடுக்காம உட்டீங்க?"

அவருக்கு நினைவு வரவில்லை. என்ன தூளி என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"நெசமா ஞாபகமில்லைங்களா?"

"இல்ல."

"வேணும்னு வெச்சிருக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க. மறந்திருப்பீங்கன்னுதான் நெனச்சேன். ஆனா மறந்துட்டீங்களேன்னுதான்..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. "காத்துல ஆடிட்டே இருந்துச்சுங்க. ஆளில்லாம."

செங்கோட்டையன் டீயோடு வந்துவிட்டார். மூன்று பேரும் குடித்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கதிர்வேல் மடிக்கணினியைத் திறந்து நேராகப் பதினாறாவது குழிக்குப் போனார். ஒரு வேப்பமரம். தாழ்ந்த கிளையில் தூளி. விளையாட்டின் பொருள் கிடங்கில் தூளி கிடையாது. குடைத்துணி ஒன்றை எடுத்து, பாலத்துக் கயிற்றில் கட்டி, வளைத்து வளைத்து அவர்தான் செய்திருந்தார். மோகனூர் தொடங்கிய முதல் வாரத்தில் செய்தது. அப்போது பாப்பாயி, பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு சட்டைகூட எடுக்கக் கூடாது, தூளிச் சேலையைக் கண்ணில் காட்டக் கூடாது என்று மருமகளைக் கண்டித்துக்கொண்டிருந்தார். கணினிக்குள் கட்டினால் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று கதிர்வேல் நினைத்தார். அம்மாவை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அதை ரகசியமாக வைத்தார். பிப்ரவரியில், கடைசி இரண்டு குழிகளை முடிக்கும் அவசரத்தில், பதினாறாவதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த விளையாட்டில் காற்று உண்டு. கொடிகள் படபடக்கும், துணி எதுவானாலும் அசையும். தூளி அசைந்துகொண்டிருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தான் வரை போனார். அழிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினார். பிறகு மைதானத்தின் அமைப்புக்குள் போய்க் காற்றின் வேகத்தைப் பூஜ்யமாக்கினார். துணி மெல்ல நின்று நேராகத் தொங்கியது. தண்ணீர் கொண்டுவந்த பாப்பாயி திரையைப் பார்த்தார். சொம்பை வைத்துவிட்டுப் போனார்.

அந்த மைதானத்தை அவர் மறுபடி ஏற்றவில்லை. திறக்கும் அனுமதியில் தமிழினியின் பெயர் அப்படியே இருக்கிறது.

மனுவின் இரண்டாம் விசாரணை அக்டோபர் பதினான்கு, காலை பத்தரைக்கு. பிரிவதில் உறுதிதானா என்று அன்று இருவரையும் நேரில் கேட்பார்கள். ரிக் வண்டி அதற்கு முந்தின வாரம் ராய்ப்பூருக்குக் கிளம்புகிறது. இந்த முறை கதிர்வேல் அதில் போகவில்லை. காளியப்பனிடம் விடுப்பு கேட்டார், அவர் உடனே கொடுத்துவிட்டார்.