சாப்பாட்டு மேசையில் ஒரு இன்ஜின்

என் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வாரம் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்வாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மண் பாதையில் மேட்டுக்கு மேடு பைக்கைத் தாவவிடுவாள். அந்த வண்டிக்கு அவள் வைத்த பெயர் தவளை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது தவளை, அதனால் வீட்டில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம். நான் பேக்கரி வைத்திருக்கிறேன். சைக்கிள் செயின் கழன்றாலே ஆள் தேடுகிற ரகம். ஆனால் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வாயை அடைக்க முடியாது என்று தெருவே சொல்லும்.

இந்த சீசனில் பெண்கள் பிரிவில் அவள்தான் முன்னணியில் இருந்தாள். கடைசி ரேஸை முடித்தாலே போதும், எத்தனாவதாக வந்தாலும் கோப்பை அவளுக்கு. அப்படி முடிப்பதில்தான் சிக்கல். போன சீசனிலும் இதே நிலைதான். பாதி வழியில் இன்ஜின் இறுகி நின்றது, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீடு வரும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த முறை ரேஸுக்கு முந்தைய வாரம் தவளைக்கு மூச்சு வாங்கியது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன, இன்ஜினின் மேல்பாதியைப் பிரித்துப் புதிது போடவேண்டும் என்றாள். எப்போதும் அந்த வேலையைச் செய்பவர் அவளுடைய அண்ணன், கார் மெக்கானிக். தான் கை வைத்தால் இன்ஜின் பேசும் என்பார். ஊரும் அதை ஒத்துக்கொண்டு அவரை டாக்டர் என்றே கூப்பிடும். அவரோ மாடிப்படியில் வழுக்கி வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வேற மெக்கானிக்கிட்ட கொடுத்துடலாமா?" என்றேன்.

"நானே பண்றேன்" என்றாள்.

மச்சான் சிரித்தார். "பிரிக்கிறது யாரு வேணா பிரிக்கலாம் மாப்ளே. திரும்பப் பூட்டுறதுலதான் இருக்கு சங்கதி."

சனிக்கிழமை காலையில் எங்கள் சாப்பாட்டு மேசை ஒர்க்‌ஷாப் ஆனது. இன்ஜின் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது, நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கழற்றிய சாமான்களைப் போட பேக்கரியிலிருந்து கப்கேக் தட்டு கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்துச் சாமான். திரும்பப் பூட்டிய இன்ஜின் ஓடிக் காட்டும்வரை பழைய சாமானில் ஒரு துரும்பைக்கூட வீசக்கூடாது என்பது அண்ணன் தங்கை இருவருக்கும் வழக்கம்.

மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினாள், சிலிண்டரை உருவினாள். பிஸ்டன் மட்டும் ராடு முனையில் தலை நிமிர்ந்து நின்றது. அதை ராடோடு கோக்கும் இரும்புப் ‘பின்’ நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் நகம் அளவுக்கு ஒரு கம்பி வளையம் இருக்கும். லாக்கு என்பார்கள். அதைத் தொடுவதற்கு முன்னால், கீழே திறந்துகிடக்கும் இன்ஜின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். அவளும் அடைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"நூல் பிரியுது. இதெல்லாம் உள்ள போகும்" என்று உருவி என் மேல் எறிந்துவிட்டு, லென்ஸ் துடைக்கும் துணியைத் தன் பையிலிருந்து எடுத்துவந்து வைத்தாள். இன்ஜினைக்கூட மூக்குக்கண்ணாடியாகத்தான் பார்க்கிறாள் என்று கிண்டல் செய்தேன்.

பூட்டும்போது பார்க்கவேண்டுமே அவளை. புதுப் பிஸ்டனின் தலையிலிருந்த அம்புக்குறியை சைலன்சர் பக்கம் திருப்பினாள். ரிங்கின் இரண்டு முனையும் அதனதன் இடத்தில் உட்கார்ந்ததா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை மேலிருந்து இறக்கினாள், அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. குறை கண்டுபிடிக்கவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மச்சான் கடைசிவரை "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சாயங்காலம் மேசையை ஒழிக்கும்போதுதான் கப்கேக் தட்டில் அவள் கை நின்றது. லாக்குக் குழியில் இரண்டு பழைய வளையம் இருக்கவேண்டும். ஒன்றுதான் இருந்தது.

மேசைக்கு அடியில் தவழ்ந்தோம். மிதியடியை உதறினோம். எறிந்த துணியைக்கூடப் பிரித்துப் பார்த்தோம்.

"தெறிச்சிருக்கும். எனக்கு எவ்வளவோ தடவை தெறிச்சிருக்கு. வீடு பெருக்கும்போது கிடைக்கும், விடு" என்றார் மச்சான்.

அவள் விடவில்லை. "நான் துணி மாத்தினது ரெண்டாவது லாக்கை எடுக்கறதுக்கு முன்னாடியா, எடுத்த பிறகா? பிறகுன்னா, துணி மேல தெறிச்ச லாக்கு நான் உருவும்போது உள்ள விழுந்திருக்கும்."

எங்கள் இருவருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கும் இல்லை.

"ஒரு தடவை கிக் அடிச்சுப் பாத்துட்டா தெரிஞ்சிடுமே" என்றேன். அவள் பார்த்த பார்வையில் நான் அடுப்படிக்கே போய்விட்டேன்.

"நாளைக்குக் காலைல ரேஸு, ஞாபகமிருக்கா?" என்றார் மச்சான்.

"அதனாலதான்" என்று ஸ்பேனரை எடுத்தாள்.

நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துப் பூட்டியதை அத்தனையும் மறுபடி கழற்றினாள். டார்ச்சை நான் பிடித்தேன். கண்ணாடிக்கு மூக்குத்தாங்கி மாட்டுகிற நீள இடுக்கியை இன்ஜின் வாய்க்குள் விட்டாள். ராடுக்கு அந்தப்பக்கம், இருட்டில் எதையோ கவ்விக்கொண்டு மெல்ல வெளியே எடுத்தாள். அந்த வளையம்தான். ஓடியிருந்தால் அது உள்ளே அரைபட்டு, இன்ஜினையே தின்றிருக்கும்.

"துணியை உருவினது நான்தானே. நூலைப் பாத்தவ ஓட்டையைப் பாக்கல" என்றாள். பழியை யார் தலையிலும் போடவில்லை. வளையத்தைத் தட்டில் அதன் ஜோடியோடு போட்டுவிட்டு மறுபடி பூட்ட ஆரம்பித்தாள். மச்சான் என்னிடமிருந்து டார்ச்சை வாங்கி, இடது கையால் அவளுக்கு வெளிச்சம் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தவளை கடைசிவரை ஓடியது. நாலாவதாக வந்தாள், கோப்பை அவளுக்கு. அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர் வழக்கம்போல மச்சானின் பட்டப்பெயரைச் சொல்லி, "இன்ஜின் நம்ம டாக்டரோட கைவண்ணம்" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. மச்சான் விறுவிறுவென்று மேடையேறி, நல்ல கையால் மைக்கைப் பிடுங்கினார்.

"தப்பா சொல்லாதீங்க. நான் தொடவே இல்ல. எல்லாம் என் தங்கச்சி. உள்ள ஒரு சாமான் விழுந்திருக்கலாம்னு அவளுக்குச் சந்தேகம். நான் விடுன்னேன். அவ என் பேச்சைக் கேக்கல. கேட்டிருந்தா இன்னைக்கு அவ இங்க வந்து சேந்திருக்க மாட்டா."

அதே நேரம் அவள் மேடையைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். தவளை போட்ட சத்தத்தில் அண்ணன் சொன்னது ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை. எனக்கு ஒன்று விடாமல் விழுந்தது. பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, அவர் ஒன்றும் கேட்கவுமில்லை. அவர் கையைப் பிடித்து, "என் வீட்டுக்காரிங்க" என்றேன்.