மூன்றாம் கியரில் வந்த உலுக்கல்

1962 அக்டோபர் 13, சனிக்கிழமை. அரைநாள் வேலை. முகம் வழித்து, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, காபி குடித்துவிட்டுத் துறைமுகத்துக் கிடங்கு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனேன். மதியம் வரை சரக்குச் சீட்டுகளைச் சரிபார்த்தேன். திரும்பும்போது தேக்கா சந்தையில் இறங்கி ஒரு கட்டு முருங்கைக் கீரை வாங்கினேன். வீட்டு வாசலில் கார் சும்மா நின்றது. அது உலுக்கத் தொடங்கியதிலிருந்து நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

காரில் பாதி எனக்கு, பாதி மச்சானுக்கு. மச்சான் என் மனைவியின் அண்ணன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், கீழே கடை இருந்த ஒரு கடைவீட்டின் மாடியில், முன்னறையில் நாங்களும் பின்னறையில் அவரும் இருந்தோம். காருக்கு ஆளுக்கொரு சாவி. அவர் மளிகைக் கடைகளுக்கு மொத்தச் சரக்கு பிடித்துக் கொடுப்பவர். தங்கை கார் ஓட்டப் பழகியது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பொறுக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை அவளுக்கு லைசன்ஸ் டெஸ்ட். இந்தக் காரில்தான் போயாக வேண்டும். ஒருமுறை தோற்றிருந்தாள், இதையும் விட்டால் மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மிதிகட்டையில் சிக்காதபடி புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டக்கூடப் பழகியிருந்தாள்.

சோறு போட்டு உட்கார்ந்ததும் மச்சான் ஆரம்பித்தார்.

"பட்டறையில கேட்டேன் மாப்பிள்ளை. கிளட்ச் போச்சாம். பொம்பளை மிதிச்சா போகத்தானே செய்யும்."

"பட்டறைக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்தாரா?"

"ஓட்டிப் பார்க்க என்ன இருக்கு? நான் சொன்னதைக் கேட்டே சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தங்கச்சி ஓட்டிப் பழகுதுன்னு சொன்னேன்."

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "பின்சீட்டுல மல்லி மூட்டை ஏத்துறதையும் சொன்னீங்களாண்ணே?" என்றாள். அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

கிளட்ச் இல்லை என்று எனக்கு நிச்சயம். கிளட்ச் கெட்டால் வண்டி நகரத் தொடங்கும்போதுதான் அதிரும். எங்கள் கார் ஒழுங்காக நகர்ந்தது. மூன்றாம் கியரில், கிளட்சில் கால் இல்லாதபோது, வேகமெடுக்க ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் யாரோ முன்னும் பின்னும் பிடித்து ஆட்டுவதுபோல் உலுக்கியது. மெதுவாகப் போனால் குறையே தெரியாது.

சாப்பிட்டதும் வேலையைத் தொடங்கினேன். பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நான்கு பிளக்குகளையும் எடுத்துத் துடைத்து, இடைவெளி பார்த்து மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன், உலுக்கல் போகவில்லை. பிளக்குக்கு வந்து சேரும் முன்பே மின்சாரம் வேறெங்கோ ஓடுகிறது என்று தோன்றியது. ஆனால் பட்டப்பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. மாடியிலிருந்து கம்பளியை எடுத்து வந்து, பானெட்டுக்கு அடியில் தலையை விட்டு, வெளிச்சம் புகாமல் மேலே மூடிக்கொண்டேன். மனைவி உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு, நான் சொல்லும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

வெளியே மச்சானின் குரல் கேட்டது. கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"என்ன மாப்பிள்ளை, இன்ஜினுக்கு ஆவி பிடிக்கிறீங்களா? நொச்சி இலை வாங்கிட்டு வரட்டுமா?"

யாரோ சிரித்தார்கள். அவள் அழுத்தும் ஒவ்வொரு முறையும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடிமேல் நீல நிறத்தில் ஒரு பொறி புழுப்போல் நெளிந்து ஓடியது. அது ஓடிய தடத்தைக் கம்பளியை விலக்கிப் பார்த்தேன். சந்தனம், நடுவில் குங்குமம்.

போன ஞாயிறு ஆயுத பூஜை. காரைக் கழுவி மாலை போட்டவர் மச்சான். முன்னால் ஒரு பொட்டு போதும் என்று நான் சொன்னேன். உழைப்பது இன்ஜின்தானே என்று பானெட்டைத் திறந்து, கைக்கு எட்டிய இடமெல்லாம் வைத்தார். தங்கையைத் தொட விடவில்லை. மூடியில் வைத்தது ஒழுகிப் பரவி, எண்ணெயும் மழைக்கால ஈரமும் ஏறி, மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி ஆகிவிட்டது. வேகமெடுக்கும்போது அது பிளக்குக்குப் போகாமல் அந்த வழியில் போனது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். மூடியைக் கழற்றிப் பெட்ரோல் துணியால் துடைத்து, கருகிய கோட்டைப் பிளேடால் சுரண்டி, உலர வைத்துப் பொருத்தினேன். புக்கிட் தீமா ரோட்டில் கால்வாயோரமாக மனைவியே ஓட்டினாள். மூன்றாம் கியரில் நன்றாக அழுத்தினாள். வண்டி ஒரே சீராக வேகமெடுத்தது.

திரும்பி வந்தபோது மச்சான் கடைவாசல் நடைபாதையான ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப சாமி பொட்டுதான் வண்டியைக் கெடுத்துச்சுன்றீங்க."

"பொட்டு இல்ல மச்சான். வச்ச இடம்."

"வருஷம் பூரா நல்லா ஓடணும்னு வச்சதைத் துடைச்சிட்டு, அதுல அவளை உட்கார வச்சிருக்கீங்க. நடக்கிறது நடக்கட்டும்."

"என்ன நடக்கும்ணே?" என்றாள் மனைவி. "லைசன்ஸ் கிடைக்கும். அதானே பயம்?"

அவர் எழுந்துவிட்டார். "நாளைக்குக் காலையில வண்டியை எடுத்துக்கிட்டு பாலம் தாண்டி ஜோகூருக்குப் போறேன். சரக்கு பார்க்கணும். செவ்வாக்கிழமைதான் வருவேன்."

"திங்கட்கிழமை டெஸ்ட்டுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"என் பாதியும் இருக்கு லா மாப்பிள்ளை, இந்த வண்டியில."

"அப்ப உங்க பாதியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள். "பின்பாதி எடுத்துக்குங்க. மூட்டை ஏத்த வசதியா இருக்கும்."

மாடிப்படி அதிர ஏறிப்போனார். இரவு அவருக்கு எடுத்து வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், முகம்கூடக் கழுவாமல் கீழே இறங்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் கட்டைவிரல் அளவுத் துண்டைக் கழற்றி எடுத்தேன். அது இல்லாமல் எந்தச் சாவி போட்டாலும் வண்டி கிளம்பாது. மூடியைப் பழையபடி பொருத்தி, பானெட்டைச் சத்தமில்லாமல் அழுத்தி மூடினேன். மாடிக்கு வந்து அந்தத் துண்டை மனைவியின் கையில் கொடுத்தேன். பின்னறையில் அவர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.