ப்ளூ இல்லை

எனக்குத் தங்கச்சியாக வளர்ந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளை பதினோரு நாள் உயிரோடு இருந்தாள். அதில் செவ்வாய் மாலை தொடங்கி ஞாயிறு காலை வரை, காலையும் மாலையுமாகப் பத்துத் தடவை, அவளுடைய உதட்டின் நிறத்தைப் பார்த்து எழுதிவைத்தவள் நான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருப்பதால் கிழமைகளை நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. மற்றவற்றுக்கு என் நினைவுதான் சாட்சி.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் விடுதிச் சமையலறையில் அப்பா வேலை பார்த்தார். பள்ளிக்குப் பின்புறம் வேலையாட்கள் குடியிருப்பில் எங்கள் வீடு. ஊழியர் பிள்ளை என்ற சலுகையில் அதே பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்குள் எந்த இங்கிலீஷ் எழுத்து வந்தாலும், அது இருமல் மருந்து பாட்டிலாக இருந்தாலும் செல்போன் குறுஞ்செய்தியாக இருந்தாலும், முதலில் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்ன பிறகு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த ஐப்பசியில் எங்கள் டீச்சர் வாரத்துக்கு ஒரு சொல்லைக் கொடுத்து, அது எங்கெல்லாம் எப்படியெல்லாம் வருகிறதென்று தேடி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரத்துச் சொல் ‘ப்ளூ’. மற்றவர்கள் வானம், கடல், பேனா மை என்று நிறுத்திக்கொண்டார்கள். நான் நூலகத்து அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிரப்பினேன். மனம் வாடியிருந்தால் ப்ளூ. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது ப்ளூவிலிருந்து வருவது. எப்போதாவது நடப்பது ப்ளூ நிலாவுக்கு ஒருமுறை நடப்பது. ராஜ குடும்பத்தின் ரத்தம் ப்ளூ. கட்டடத்துக்கு முன்னால் போடும் வரைபடம் ப்ளூபிரிண்ட். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற தைல மரத்தின் பெயர்கூட ப்ளூ கம். அந்த மரத்தை இரண்டு முறை சுற்றிவந்து, அதில் நீலமே இல்லை என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்தேன். அதன் இளம் இலைகளில் சாம்பல் பூத்த ஒரு நீலம் உண்டென்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

சித்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் தாய் இல்லாததால் அக்கா வீடே தாய்வீடு. பிள்ளை சனிக்கிழமை பிறந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். எழுதிய டாக்டர் வடக்கேயிருந்து சில மாதங்களுக்கு வந்திருந்தவர், தமிழ் தெரியாது. குழந்தையின் நெஞ்சில் லேசாக ஒரு சத்தம் கேட்கிறது, சில பிள்ளைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடும், இருந்தாலும் சீட்டில் உள்ளபடி கவனித்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

சீட்டில் நான்கு வரி. இரண்டு மணிக்கு ஒருமுறை பால் கொடு. சூடாக வைத்திரு. உதட்டைக் கவனி. நான்காவது வரி, ‘இஃப் ப்ளூ, பிரிங் அட் ஒன்ஸ்.’

என் ஒரு பக்க அறிவு முழுவதும் அந்த வரியில் வந்து நின்றது. எல்லா அர்த்தங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். குழந்தை வாட்டமாக இருந்தால் என்று டாக்டர் எழுதியிருப்பாரோ என்றுகூட யோசித்துத் தள்ளினேன். இது வெறும் நிறம்தான் என்ற முடிவுக்கு வந்து, தீர்ப்புப் போலச் சொன்னேன்: “உதடு நீலமா மாறினா உடனே தூக்கிட்டு வரணும்.”

அந்தப் பக்கத்திலேயே எளிய அர்த்தம் அது. எனக்குத் தெரியாமல் போனதும் அது ஒன்றுதான்.

“அப்ப நீயே பாத்துச் சொல்லு பாப்பா” என்றார் அம்மா. நான் என் பள்ளிச் சீருடையின் நீல ரிப்பனை எடுத்துவந்தேன். நாற்பது வாட் பல்பின் கீழே அதைக் குழந்தையின் உதட்டருகே பிடித்து இரண்டையும் ஒப்பிட்டேன். நோட்டில் எழுதினேன்: ‘செவ்வாய் மாலை. ப்ளூ இல்லை.’

புதனும் ப்ளூ இல்லை. வியாழன் மாலை பார்க்கும்போது உதடு நாவல்பழம் தின்றது மாதிரி கருத்திருந்தது. ரிப்பனை வைத்தேன். இரண்டும் கிட்டவே வரவில்லை.

“கருப்பாத்தான் ஆகுது. நீலம் இல்ல” என்றேன்.

சித்தப்பாவின் அக்கா அன்றுதான் அய்யம்பாளையத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். அவர் சிரித்தார். “ஏந்தம்பி பெத்த பிள்ள பின்ன வெள்ளக்காரி மாதிரியா வரும்? மூணு நாளு செவப்புக் காட்டி ஏமாத்திப்புட்டு, இப்பத்தான் அப்பன் வீட்டு நெறத்துக்கு வந்திருக்கா.”

“இந்தக் குளிருல எனக்குந்தான் உதடு கருத்துக் கெடக்கு” என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தோம். சித்தி மட்டும் குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அக்கா, பால் குடிக்கையில பிள்ளைக்கு வேர்க்குது. நாலு வாய் குடிக்கா, நிறுத்திட்டு மூச்சு வாங்கி இளைக்கா. நமக்கே கை வெறைக்குது, இவளுக்கு என்னத்துக்கு வேர்க்கணும்?”

அம்மா என்னைப் பார்த்தார். “சீட்டுல வேர்வையப் பத்தி எதும் போட்டிருக்கா?”

நான் சீட்டை மறுபடி எடுத்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். “இல்லம்மா.”

“அப்ப போர்வ கூடிப்போச்சுன்னு நெனைக்கேன்” என்று ஒரு துணியை எடுத்துவிட்டார் அம்மா.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மூடுபனி. நோட்டில் நான்கு தடவை ‘ப்ளூ இல்லை’ இருக்கிறது. கையெழுத்து மிக நன்றாக இருக்கிறது.

ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நான் ரிப்பனைப் பிடித்து வழக்கம்போல் பார்த்தேன்.

“ப்ளூவா?” என்றார் சித்தி.

“இல்ல சித்தி.”

சித்தி என் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் குழந்தையின் விரலை விரித்து நகத்தைப் பார்த்தார். தன் நகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுச் சால்வையைச் சுற்றினார்.

“மச்சான், ஒரு வண்டி பிடிங்க. வெரசா.”

“சீட்டுல...” என்று ஆரம்பித்தார் அப்பா.

“சீட்டு கெடக்கட்டும் மச்சான்.”

அங்கே எதையாவது வாசிக்கச் சொன்னால் வேண்டுமே என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சால்வையை விலக்கி ஒரு பார்வைதான் பார்த்தார். “ஏம்மா, இவ்வளவு ப்ளூவா இருக்கே! எத்தன நாளா இப்படி?” என்று கேட்டுக்கொண்டே குழந்தையை வாங்கி உள்ளே ஓடினார்.

திரும்பி வந்தவரிடம் நான் ரிப்பனை நீட்டினேன். “இது ப்ளூ இல்ல சிஸ்டர். கருப்பு. நான் தினமும் பாத்தேன்.”

அவர் ரிப்பனைப் பார்த்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தார். “உள்ள ஆக்சிஜன் வச்சிருக்கு. மதுரைக்குக் கொண்டுபோகணும். ஆம்புலன்ஸ் வருது” என்று அம்மாவிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மதுரையில் பிள்ளை இறந்தது. ஞானஸ்நானம் நடக்காததால் பெயர் வைத்திருக்கவில்லை. சித்தப்பாவின் ஊரில் அடக்கம் செய்தார்கள்.

பிற்பாடு நான் நிறையப் படித்தேன். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் ரத்தத்தில் உயிர்க்காற்றுக் குறைவது நீலமாகத் தெரியாது, சாம்பலாகவும் கருமையாகவும்தான் தெரியும், நாக்கையும் நகத்தையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வேறு தோலைப் பார்த்து உண்டான சொல் அது. டாக்டருக்கும் நர்சுக்கும் அது ஒரு நிறமாக இல்லை, ஓர் ஆபத்தின் பெயராக இருந்தது. எங்கள் வீட்டில் அது என் ரிப்பனாக இருந்தது. வியாழனன்றே போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரும் டாக்டரிடம் கேட்டதாகவும் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, விட்டுப்போன துணிமணிகளை எடுத்துப்போகச் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா என்னோடு பேசவில்லை. முற்றத்தில் முதுகைக் காட்டி நின்றார். ஏதோ என் மேல் குறை இருப்பதாக மட்டும் எனக்குப் பட்டது. பரீட்சையில் சரியான விடைக்கு மதிப்பெண் தராதபோது வரும் ரோஷம் வந்தது. பெட்டியில் துணி மடித்துவைத்துக்கொண்டிருந்த சித்தியிடம் போய்க் கேட்டேன்.

“நான் சரியாத்தானே வாசிச்சேன் சித்தி?”

சித்தியின் கை ஒரு சின்னச் சட்டையின் மேல் நின்றது.

“நீ சரியாத்தான் வாசிச்ச தங்கம்.”

அது எனக்குப் போதவில்லை. முற்றத்தில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். “சத்தமாச் சொல்லுங்க சித்தி” என்றேன்.

அடுப்பங்கரையில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. சித்தி அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு வாசலைப் பார்த்து, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “பிள்ள சரியாத்தான் வாசிச்சா.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அது என்ன விலை கொடுத்துச் சொன்ன சொல் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது இல்லை. விளையாடப் போய்விட்டேன்.