கண்ணாடியில் காட்டிய அறுபது

எங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியனை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவோம். கட்டடம் தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் ஓடுவார் என்று பெரிய சிஸ்டர் கேலி செய்வார். கத்தி பிடிக்கிற எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபது வருஷத்தில் நான் கத்தாத ஒரே ஆள் அவர்தான்.

அந்தத் தொற்றுக் காலத்தில் எங்கள் மூவருக்கும் ஒரே வேலை. வாய் வழியாகக் குழாய் போட்டு வாரக்கணக்கில் கிடந்தவர்களுக்கு, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயில் சின்னக் குழாய் வைக்க வேண்டும். துளை போடும்போது இயந்திரம் ஓடினால் நோயாளியின் மூச்சு கிருமியோடு எங்கள் முகத்தில் பீய்ச்சியடிக்கும். அதனால் இருமாமலிருக்க மருந்து கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் அறுப்பேன். குழாயை வைத்து, அதன் பலூனை ஊதி, இயந்திரத்தோடு மாட்டி நான் தலையாட்டிய பிறகுதான் நிதானம் மறுபடி ஓடவிடுவார்.

அந்த இடைவெளியை நோயாளி தாங்குவாரா என்று முந்தைய நாளே சோதிப்போம். அறைக்குள் நிதானம் மட்டும் போவார். ஒருவருக்கு மேல் எதற்குச் சாக வேண்டும்? இயந்திரத்தை நிறுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார். உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பதால், எண்ணைப் பெரிதாக எழுதிக் கதவுக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவார். அறுபது வந்தால் மறுநாள் செய்வேன். குறைந்தால் நுரையீரல் கொஞ்சம் தேறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் பிணவறைக்குப் போனார்கள்.

ஏழாம் படுக்கைக்கு நிதானத்தின் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் ஒரே தம்பி, அந்த அம்மாள் தூக்கி வளர்த்த பிள்ளை. சொந்தக்காரருக்கு நாமே வேலை செய்யக்கூடாது என்பது விதி. மற்ற டெக்னீஷியன்கள் எல்லோரும் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்?

சோதனை நாளன்று காலையில் மனைவி போனில் பேசியதை அவர் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"நாலாம் பெட்டுக்காரர் காத்திருந்தே போயிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க? எது வந்தாலும் அறுபதுன்னு காட்டிடுங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"அப்படியெல்லாம் பண்ணக் கூடாதும்மா."

"அவனை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

கண்ணாடியில் அறுபது என்று காட்டினார். உண்மையில் வந்தது முப்பத்தெட்டு.

மறுநாள் அறுத்ததும் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே வந்து ரத்தம் கொட்டியது. பெரிய சிஸ்டர் குனிந்து துடைத்தார். மானிட்டர் அலறியது. எண்பது, அறுபத்தைந்து, அதற்கும் கீழே.

"இருங்க, குழாய் இன்னும் உள்ள போகல!" என்று கத்தினேன்.

நிதானம் இயந்திரத்தை ஓடவிட்டார். திறந்த கழுத்திலிருந்து ரத்தமும் சளியும் சீறி, சிஸ்டரின் முகக்கவசத்துக்கு அடியில் புகுந்தன. தட்டுப்பாட்டில் மூன்று நாளாக அதே மாஸ்க், ஓரம் தளர்ந்திருந்தது. சிஸ்டர் அசையவில்லை.

"நீங்க குழாயப் போடுங்க டாக்டர்" என்றார்.

போட்டேன். மச்சினன் பிழைத்தான்.

ஆறாம் நாள் சிஸ்டருக்குக் காய்ச்சல். கொஞ்ச நாளில் அவருக்கும் வாயில் குழாய். சில வாரம் கழித்து நிதானம் போய்ச் சோதனை செய்து கண்ணாடியில் நாற்பத்தொன்று என்று காட்டினார். காத்திருந்தோம். நான்காம் நாள் விடியற்காலையில் சிஸ்டர் போய்விட்டார்.

அன்றுதான் நிதானம் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிஸ்டருக்கு வேறு எங்கேயாவது தொற்றியிருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம்தான். அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அந்த மனிதரை வெறுத்தேன். இன்றைக்கும் பாதி வெறுக்கிறேன். செய்ததை அவரே மேலிடத்தில் எழுதிக்கொடுத்தார். ஆள் இல்லாத நேரத்தில் இது வேறயா என்று கடிதத்தைக் கையிலேயே திருப்பிக் கொடுத்து, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து மச்சினன் அக்காவோடு பழக்கூடை தூக்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் தழும்பு, குரலில் கரகரப்பு.

"மாமா, அந்த சிஸ்டர் எங்க? மயக்கத்துலயும் அவங்க குரல் கேட்டுச்சு. 'தம்பி, நாளைக்கு வாயில இருக்குறத எடுத்துடுவோம்'னாங்க. அவங்களப் பாத்துட்டுத்தான் போவேன்."

"ஆமாங்க, கூப்பிடுங்களேன்" என்று அந்த அம்மாளும் சிரித்தார். வீட்டில் நிதானம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

'மாற்றலாகிப் போயிட்டாங்க' என்று சொல்லித் தொலையுமய்யா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"செத்துப் போயிட்டாங்கப்பா. உனக்கு முப்பத்தெட்டுதான் வந்துச்சு. நான் அறுபதுன்னு காட்டினேன். அதுல அவங்களுக்குத் தொத்திருச்சு."

மச்சினனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன முப்பத்தெட்டு? எதுக்கு மாமா அப்படிக் காட்டினீங்க?"

அந்த அம்மாள் கூடையைத் தரையில் வைத்தார்.

"அவரைக் கேக்காதடா" என்றார். "நான்தான் காட்டச் சொன்னேன்."