எட்டுக்காலிப் பிள்ளையின் அப்பன்

செய்தி வந்தபோது நான் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளறடை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து போன். "அக்கா, சுகுமாரண்ணன் வண்டியில இருந்தபடியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். போய்ட்டாரு அக்கா." சரி என்று போனை வைத்தேன். மீதிக் கிழங்கையும் நறுக்கினேன். கழுவி, உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். அது வெந்து குழைந்த பிறகுதான், பக்கத்து வீட்டுக்குப் போய் தம்பி மனைவி லதாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. நாற்பத்தோராம் நாளுக்கு ஸ்டாண்டுத் தம்பிமார் போடும் நினைவுப் புத்தகத்துக்கு இதை எழுதும்போதும் வரவில்லை. பகவதி சாட்சி.

என் தம்பி சுகுமாரன் எப்படிச் சிரிப்பான், எப்படிச் சண்டை போடுவான் என்று உங்களுக்கே தெரியும். அவன் மகள் ஆதிராவைச் சொல்லாமல் எனக்கு அவனைச் சொல்ல முடியாது. பதினொரு வயது. ஐந்து வயதிலிருந்தே எட்டுக்காலிப் பைத்தியம். சிலந்திக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ரப்பர் மரம், கிணற்றுச் சுவர், நாங்கள் குளிக்கும் குளிமுறி எதையும் விடமாட்டாள். பார்த்ததையெல்லாம் நோட்டில் வரைவாள்.

ஒருநாள் பெருங்கடவிளைச் சந்தைக்குப் போகிற ஒரு அம்மாவோடு நானும் அவன் ஆட்டோவில் இருந்தேன். முன்னால் அவனருகில் இருந்த பிள்ளை, "அப்பா, நிறுத்து!" என்று கத்தினாள். சவாரி இருப்பதையும் பார்க்காமல் நிறுத்திவிட்டான். அப்பனும் மகளும் ஒரு ரப்பர் மரத்தடியில் போய்க் குனிந்து நின்றார்கள்.

"எந்தோன்னாடே இது? ஓட்டோவா, பள்ளிக்கூடமா?" என்றாள் அந்த அம்மா.

"ரெண்டு மினிட்டு சேச்சி. இந்த எட்டுக்காலி பகல்ல உறங்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்க மோளு சொல்லித் தாறா."

எனக்குத் தலை குனிந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் ஏசினேன். "எலே, பெண்பிள்ளைய இப்படியா வளக்கது? நாளைக்கு இவளக் கல்யாணம் கெட்ட ஒருத்தன் வரண்டாமா?"

"எட்டுக்காலியக் கண்டு பயப்படுதவன் நமக்கு வேண்டாம்க்கா."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளையே எட்டுக்காலி என்று கூப்பிட ஆரம்பித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பகவதி கோயிலுக்குப் போனேன். வழிபாட்டுக் கவுண்டரில், "பிள்ளைக்குப் புத்தி தெளியணும், நல்லதா ஒண்ணு எழுதும்" என்றேன். ஆதிரா, திருவாதிரை நட்சத்திரம் என்று எழுதி ரசீது தந்தார்கள். திரும்பும்போது சுகுமாரன் வண்டிதான் கிடைத்தது. பிரசாதத்தோடு ரசீதையும் வாங்கிப் பார்த்தவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான், சிரித்தான், அப்படிச் சிரித்தான்.

"அக்கா, நீ சாமிகிட்ட என்ன கேட்ட?"

"இந்த எட்டுக்காலிப் பிராந்து மாறணும்னு கேட்டேன்."

"இது வித்யா புஷ்பாஞ்சலியாக்கும். படிப்பு பெருகுறதுக்கு உள்ளது. இனி இவ பஞ்சாயத்தில உள்ள எல்லா எட்டுக்காலிக்கும் பேரு கண்டுபிடிச்சிடுவா. நீ மாசாமாசம் இதையே நடத்து."

கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று. பகவதி எதை எடுத்துக்கொண்டாளோ தெரியாது. அடுத்த வாரமே பிள்ளை குளிமுறியில் புதிதாக மூன்று வகை கண்டுபிடித்தாள். தொடங்கியதை நிறுத்தக்கூடாது என்று நானும் மாதம்தோறும் நடத்தினேன்.

அவன் போன பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு முந்தின நாள் வீடு கழுவினோம். ஆதிரா தானாகவே கம்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வந்து முன்வாசலில் இருந்த வலைகளையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் கை வைக்கக்கூடாது என்று சுகுமாரன் சட்டம் போட்டிருந்த இடம் அது.

"மக்கா, என்னத்துக்கு?"

"ஆளுவ வருவினும் அத்தை. வீடு சுத்தமா கிடக்கட்டு."

குரலில் ஒன்றும் இல்லை. நான் கோயிலில் நின்று கேட்டது இதுதான். கேட்டதெல்லாம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அன்று மாலை லதா என்னிடம், "அவ நோட்டக் கெட்டி மச்சுக்கு மேல போட்டுட்டா அக்கா. இனி எடுக்கமாட்டாளோன்னு பயமா இருக்கு" என்றாள்.

புலை, அதாவது சாவுத் தீட்டு என்பதால் கோயிலுக்கும் போகவில்லை. காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் வேலிப்பக்கம் நடந்துகொண்டிருப்பேன். புலை கழிந்த பிறகும் கால் அங்கேதான் போனது. போன வாரம் நல்லமிளகுக் கொடிக்கு நடுவில் ஒரு வலை. வலையில் வெள்ளை நூலால் தைத்ததுபோல ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் ஒன்று இருந்தது. எனக்கு அருவருப்புதான். ஆனாலும் கால்களை எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலுதான். ஆதிரா பள்ளிக்கூடப் பையோடு வந்தாள்.

"ஏ மக்கா, இது எட்டுக்காலி இல்ல கேட்டியா. இதுக்கு நாலு காலுதான் உண்டு."

அவள் நிற்காமல் போனாள். பத்தடி போய்த் திரும்பி வந்தாள்.

"யாரு சொன்னா? ரெண்டு ரெண்டா சேத்து வச்சிருக்கு அத்தை. கிட்ட வந்து நல்லா பாரு."

பார்த்தேன். ஒவ்வொன்றும் இரண்டாகத்தான் இருந்தது.

"அது ஏன் அப்படி வைக்கி? எனக்குத் தெரியாது மக்கா."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

சுகுமாரனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பது. பள்ளிக்கூட வண்டி ஹாரன் அடித்தது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.