கிண்ணத்தின் மேல் விழுந்த பழி

எங்கள் சமையலறைத் தட்டில் கைப்பிடி இல்லாத வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கிறது. காலையில் நான் காப்பி குடிப்பது அதில்தான். விரல் சுடும், பிடிக்க வாகாக இருக்காது. வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரு டம்ளர் வாங்க வக்கில்லையா என்று கேலி செய்தாகிவிட்டது. இருந்தும் கை அதைத்தான் எடுக்கிறது. குன்னூரில் தேயிலை ஏலத் தரகர் அலுவலகம் ஒன்றில், டீயை ருசி பார்க்கும் அறையில் வருஷக்கணக்காக உழைத்த கிண்ணம் அது. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து வெளியே வந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். ருசி பார்ப்பவரை எல்லாரும் டேஸ்டர் சார் என்போம். ஏலத்துக்கு வரும் தூள் மாதிரிகளைக் கொதிநீரில் ஊறவைத்து, வடித்து, நீளமான மேடையில் வரிசையாகக் கிண்ணங்களில் வைத்திருப்போம். அவர் கரண்டியால் அள்ளி, அறை முழுக்கக் கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, சக்கரம் வைத்த பித்தளைப் பாத்திரத்தில் துப்பிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்வார். பக்கத்திலேயே நடந்து நான் எழுதிக்கொள்வேன். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு வாய் டீயை விழுங்கி நான் பார்த்ததில்லை. தொழிலில் கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு ஆகாமல் போனது அவர் அடிக்கடி சொன்ன ஒரு சொல்.

டெயிண்ட். தேயிலையில் தேயிலைக்குச் சம்பந்தமில்லாத வாசம் ஏறியிருந்தால் அதற்கு இந்தப் பெயர். புகையாக இருக்கலாம், மண்ணெண்ணெயாக இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். 'கருகல்' என்று சொன்னால் தீ கூடிவிட்டது என்று புரியும். 'ஈரம்' என்றால் சரியாகக் காயவில்லை. போய் ஆளைப் பார்த்து, மெஷினைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். டெயிண்ட் என்றால் என்னத்தைச் சரிசெய்வது? எங்கே ஏறியது, யாரால் ஏறியது, நிஜமாகவே ஏறியதுதானா, ஒன்றையும் அந்தச் சொல் சொல்லாது. சொன்னவர் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். கேட்டவன்தான் ஃபேக்டரி முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு திரியவேண்டும்.

அப்படித் திரிந்தவன் என் அண்ணன். ஊட்டிக்குப் போகிற வழியில், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் சின்ன ஃபேக்டரி ஒன்றில் தூள் தயாரிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் அவன். ஒரு மழைக்காலத்தில் வாரம் தவறாமல் அந்த ஃபேக்டரித் தூளுக்கு மட்டும் 'யூகலிப்டஸ் டெயிண்ட்' என்று எழுதவேண்டி வந்தது. தைல வாசம். எழுதினவள் நான், அடி வாங்கினவன் அண்ணன். விலை விழுந்தது. இன்னொரு வாரம் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் அடுப்புக்குப் போட்ட தைல மர விறகை மாற்றினான். உலர்த்தும் மெஷினைக் கழற்றிக் கழுவினான். சாக்குகளை வெயிலில் போட்டான், வெயில்தான் வரவில்லை. கடைசியில் மனிதர்களை மோந்து பார்க்கத் தொடங்கினான்.

தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் ஓர் அக்கா வேலை செய்தார். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். நின்றே வேலை பார்த்து முழங்கால் போனதால் காலையில் தைலம் தேய்த்துக்கொண்டு வருவார். நீலகிரியில் தைலம் தேய்க்காத முழங்கால் எங்கே இருக்கிறது? ஆனால் அண்ணனுக்குத் தேடின வாசம் கிடைத்துவிட்டது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவருக்கு அந்த வேலைதான் சோறு. லாரி பிடித்துக் கேத்திப் பக்கம் கேரட் பிடுங்கப் போனார். நோகும் முழங்காலோடு சேற்றில் குனிந்து பிடுங்குகிற வேலை.

அடுத்த வாரமும் அதே சொல். அப்போதுதான் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த மனிதரைப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் அந்த அறையில் ஆயிரம் சட்டம் உண்டு. பூ வைக்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது, மதியம் வெங்காயம் கூடாது. சாருக்கு யார் சட்டம் போடுவது? மழையோ பனியோ இறங்கினால் அவருக்கு மூக்கடைக்கும். இடைவேளையில் ஜன்னல் பக்கம் போய், கர்சீப்பில் தைலம் ஊற்றி ஆழமாக உறிஞ்சிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவார். வந்ததும் முதலில் கரண்டி விடுகிற கிண்ணம் அண்ணனின் ஃபேக்டரியுடையது. மேடையில் எல்லா வாரமும் அதே வரிசை. அடுத்த கிண்ணத்துக்குப் போவதற்குள் மூக்கிலிருந்து வாசம் கலைந்துவிடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

அவரிடம் நேரே சொல்ல அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது, எங்கள் முதலாளியே அவர் வந்தால் எழுந்து நிற்பார். அதனால் அடுத்த வாரம் இடைவேளையில் கிண்ணங்களை மாற்றி வைத்தேன். அண்ணனுடையதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, சார் எப்போதும் மெச்சுகிற பெரிய எஸ்டேட் டீயை அந்த இடத்தில் வைத்தேன். வந்தார், உறிஞ்சினார், துப்பினார். "யூகலிப்டஸ் டெயிண்ட்" என்றார். பிறகு எஸ்டேட் பெயரைப் பார்த்தார். மறுபடி ருசித்தார், முகம் சுருங்கியது. வரிசை முழுக்கப் பார்த்து முடித்தபோது அண்ணனின் தூளில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து அந்த எஸ்டேட் கிண்ணத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"கப்புலதாம்மா கோளாறு. இதைத் தனியா எடுத்து வைங்க" என்றார்.

அவ்வளவுதான். டீ தப்பு செய்யலாம், விறகு தப்பு செய்யலாம், கிண்ணம்கூடத் தப்பு செய்யலாம். அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் செய்து கர்சீப் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். மறுநாளே அவன் அந்த அக்கா வீட்டுக்குப் போனான். போனவனாவது நடந்ததைச் சொன்னானா? டேஸ்டர் பெயரைக் கெடுத்தால் நாளைக்கு விலைக்கு ஆபத்து என்று பயந்து, "கப்புல கோளாறாம், நீங்க வேலைக்கு வாங்க" என்றிருக்கிறான். அவர் கேரட் லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். முந்தானையைச் செருகிக்கொண்டே ஒன்றுதான் கேட்டாராம்.

"அப்ப அந்தக் கோப்பைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்களா ஐயா?"

வேலைக்குத் திரும்பி வரவில்லை. "அம்முணி, எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல" என்று அண்ணன் போனில் சொன்னான். மறுநாள் ஆபீஸில் ஜன்னல் ஓரம் ஒதுக்கி வைத்திருந்த கிண்ணத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு நாளும் அதில் தைல வாசம் அடித்ததில்லை.

போன பனிக்காலத்தில் டேஸ்டர் சார் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். மூக்கு அப்படியேதான் இருந்தது, கர்சீப்பும் கையில் இருந்தது. வேண்டுமென்றே அந்தக் கிண்ணத்தில் டீ ஊற்றிக் கொடுத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சினார். முகம் சுருங்கியது. அந்தச் சொல் தானாக வாயில் வந்தது. பிறகுதான் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம ஆபீஸ் கப்பாச்சே?"

"ஆமாங்க சார். வேலைய விட்டு நிப்பாட்டினது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விறகு, அண்ணன், அந்த அக்காவின் முழங்கால், கேரட் லாரி. குரலை உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் கர்சீப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மிஸ்டேக் ஆயிருச்சும்மா" என்றார்.

ஆயிருச்சு. மலையில் மூடுபனி ஏறி வருகிற மாதிரி அதுவாகவே வந்து, அதுவாகவே ஆகிவிட்டது.

"யாரு பண்ணுனதுங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். துப்புவதற்கு என் வீட்டில் பாத்திரம் இல்லை. விரல் சுடச் சுட, அந்த டீயை ஒவ்வொரு வாயாகக் கடைசிவரை விழுங்கினார்.